இன்ட்யூஷன்: ஒரு சொல்லும் ஒரு துப்பறிவாளரும்

தங்கை மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்: “மாமா, ஷெர்லாக் ஹோம்ஸ் ஐஎன்டிஜேவா, ஐஎன்டிபியா?” விடுதியில் இதற்காக இரண்டு கட்சி பிரிந்து நிற்கிறதாம். நான் ஹோம்ஸ் கதைகளைப் பள்ளி நாள் முதல் படித்து வருகிறவன் என்பதால் தீர்ப்பு சொல்லும் பொறுப்பை என்னிடம் கொண்டு வந்திருந்தாள்.

இரண்டு கட்சியும் சண்டை போடுவது கடைசி எழுத்துக்காக. எனக்கோ, இருவரும் கேள்வியே இல்லாமல் ஒப்புக்கொண்ட இரண்டாம் எழுத்தில்தான் கால் இடறியது. அந்த ‘என்’, இன்ட்யூஷன் என்ற சொல்லுக்காக நிற்கிறது. தமிழில் நாம் உள்ளுணர்வு என்கிறோம். மண்ணைத் தொட்டுப் பார்த்து, சாம்பலை அள்ளி உறையில் போட்டு, தரையில் குப்புறப் படுத்துத் தடயம் தேடிய மனிதருக்கு இந்த எழுத்து எப்படி ஒட்டிக்கொண்டது? அதைத் தெரிந்துகொள்ள அந்தச் சொல் நடந்து வந்த வழியிலேயே நானும் நடந்தேன்.

எழுத்துகளின் கணக்கு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங், மனம் நான்கு வகையாகச் செயல்படுகிறது என்றார்: சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, இன்ட்யூஷன். ஒவ்வொன்றும் உள்முகமாகவும் திரும்பலாம், வெளிமுகமாகவும் திரும்பலாம். ஆக எட்டு. பிறகு அமெரிக்காவில் இதை நான்கெழுத்துப் பெயர்களாக்கினார்கள். முதல் எழுத்து உள்முகமா வெளிமுகமா என்பதைச் சொல்லும். இரண்டாவது, செய்தியைப் புலனால் வாங்குகிறோமா இன்ட்யூஷனால் வாங்குகிறோமா என்பதை. மூன்றாவது, சிந்தனையால் முடிவெடுக்கிறோமா உணர்ச்சியாலா என்பதை. நான்காவது, வெளியுலகத்தை எதிர்கொள்ளும்போது நாம் முன்னே நிறுத்துவது எதை, தீர்ப்பையா வாங்குதலையா என்பதை.

இதன்படி ஐஎன்டிஜே என்றால் உள்முக இன்ட்யூஷன் தலைமை, வெளிமுகச் சிந்தனை துணை. ஐஎன்டிபி என்றால் உள்முகச் சிந்தனை தலைமை, வெளிமுக இன்ட்யூஷன் துணை. ஒரே ஒரு எழுத்து மாறினால் தலைமையும் துணையும் இடம் மாறி, திசையும் புரண்டுவிடும். விடுதிச் சண்டை இத்தனை சூடாக நடப்பதற்கு இதுவே காரணம்.

ஹோம்ஸ் தரப்பில் ஒரு சாட்சியம் இருக்கிறது. 1887இல் பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆண்டுமலரில் வந்த முதல் கதையான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டில், தன் தொழில் என்ன என்று நண்பர் வாட்சனுக்கு விளக்கும்போது அவரே தனக்கு ஒருவகை இன்ட்யூஷன் உண்டு என்று சொல்லிக்கொள்கிறார். ‘என்’ எழுத்துக் கட்சிக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது யுங்குக்கு வயது 12. ஹோம்ஸ் சொன்ன இன்ட்யூஷனும் யுங் சொன்ன இன்ட்யூஷனும் ஒன்றுதானா என்பதே என் கேள்வி.

பார்வையில் பிறந்த சொல்

இலத்தீனில் ‘துவேரி’ என்றால் பார்ப்பது, பார்த்துக்கொள்வது. தமிழிலும் குழந்தையைப் பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. அந்த இரண்டு பொருளும் ‘துவேரி’க்கு உண்டு. பார்த்துக்கொள்பவர் ‘டியூட்டர்’, அதாவது காப்பாளர். காக்கும் செயல் ‘டியூஷன்’. ஆங்கிலத்தில் டியூஷன் முதலில் பாதுகாவல் என்றே பொருள்பட்டது. பிறகுதான் பாடம் சொல்லித் தருவதற்கும், அதற்கான கட்டணத்துக்கும் பெயராயிற்று. நம் தெருமுனைகளில் ‘பத்தாம் வகுப்பு டியூஷன்’ என்று தொங்குகிற பலகையும் ஹோம்ஸின் இன்ட்யூஷனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ‘துவேரி’க்கு முன்னால் ‘இன்’ சேர்ந்தால் ஒன்றின்மேல் கண் பதிப்பது, உற்று நோக்குவது. இந்தச் சொல் பிறந்த இடத்தில் நெஞ்சம் இல்லை, கண் இருந்தது.

இடைக்காலக் கிறித்துவ அறிஞர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். 1308இல் மறைந்த டன்ஸ் ஸ்கோட்டஸ், எதிரே இருக்கும் பொருளை நேரடியாக அறிவதற்கு இந்தச் சொல்லை வைத்து, இல்லாத பொருளைப் பற்றிய அறிவிலிருந்து அதைப் பிரித்தார். கண்முன் நிற்பதைக் கண்ணாரக் காண்பது என்ற பழைய பொருள் அங்கேயும் கெடவில்லை.

அடுத்து வந்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெக்கார்த். மனத்தை நடத்துவதற்கான விதிகளைப் பற்றி அவர் எழுதி முடிக்காமல் விட்ட நூல், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து வெளியாயிற்று. நிச்சயமான அறிவுக்கு வழி இரண்டு என்கிறார் அதில். ஒன்று இன்ட்யூஷன்: சந்தேகத்துக்கு இடமே இல்லாத தெளிவான மனப்பார்வை. மற்றொன்று டிடக்‌ஷன்: ஒன்றிலிருந்து ஒன்றாகக் கண்ணி கோத்துச் செல்வது. கண்ணிகள் நீளமாகிவிட்டால் நினைவு தடுமாறும். அதற்கும் வழி சொல்கிறார். அந்தச் சங்கிலியின் மேல் மனத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பழக வேண்டும். வேகம் கூடக்கூட, முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பது போல ஆகிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு ஹோம்ஸ் குடியிருந்த பேக்கர் தெரு அறைதான் நினைவுக்கு வந்தது. முதல் சந்திப்பிலேயே வாட்சன் ஆஃப்கானிஸ்தானிலிருந்து வந்தவர் என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். பின்னால் அதை விளக்கும்போது, நெடுநாள் பழக்கத்தால் எண்ணம் அத்தனை வேகமாக ஓடியதென்றும், நடுவில் இருந்த படிகளைத் தான் உணரவே இல்லை என்றும் சொல்கிறார். ஆனால் படிகள் இருந்தன. மருத்துவரின் தோற்றம், அதில் படைவீரரின் விறைப்பு, கறுத்த முகம், வெளுத்த மணிக்கட்டு, விறைத்துப் போன இடது கை. ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். சில வரிகளுக்கு முன் தனக்கு இன்ட்யூஷன் உண்டு என்றாரே, அது இதுதான். வேகம் பிடித்த சங்கிலி. தெக்கார்த் சொன்ன பொருள்.

ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டின் காலத்தில் சொல் இன்னொரு திருப்பம் கண்டது. புலன்கள் நமக்கு நேரடியாகத் தருவதை அவர் ஜெர்மனில் ‘ஆன்ஷௌவுங்’ என்றார். ‘ஷௌவன்’ என்றாலும் பார்ப்பதுதான். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் அதற்கும் இன்ட்யூஷன் என்றே போட்டார்கள். அதாவது காண்ட்டின் ஆங்கில வாசகருக்கு இன்ட்யூஷன் புலனோடு உட்கார்ந்திருந்த சொல். இன்று நான்கெழுத்து அட்டவணையில் அதே சொல் புலனுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. இப்படித் தூக்கி அந்தப் பக்கம் வைத்தவர் யுங்.

சூரிக், 1921

யுங்கின் ‘உளவியல் வகைகள்’ 1921இல் சூரிக் நகரில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. நான்கு செயல்களில் மூன்றுக்கு அவர் வைத்தவை வீட்டுச் சொற்கள்: சிந்தனைக்கு டெங்கன், உணர்ச்சிக்கு ஃப்யூலன், புலனறிவுக்கு எம்ஃபிண்டன். நான்காவதற்கு மட்டும் இலத்தீன் விருந்தாளியை அழைத்தார். ஆன்ஷௌவுங் என்ற சொல்லின் மேல் காண்ட்டின் முத்திரை அழுத்தமாக விழுந்துவிட்டதால் அதைத் தொட்டிருக்க மாட்டார் என்பது என் கருத்து. உற்று நோக்குவது என்ற வேர்ப்பொருளை அவரும் சொல்கிறார். ஆனால் நோக்குகிற கண்ணை இடம் மாற்றிவிடுகிறார். அவருக்கு இன்ட்யூஷன் என்பது நனவிலி மனத்தின் வழியாக அறிவது. அங்கே செய்தி முழுதாக, முடிந்த உருவில் வந்து நிற்கும். அது எப்படி வந்தது என்று அதைப் பெற்றவருக்கே சொல்லத் தெரியாது. இந்த வகை மனிதர்கள் இருப்பதை முதலில் கண்டவர் தன்னோடு பணியாற்றிய மரியா மோல்ட்ஸர் என்பதையும் யுங் அந்த நூலில் பதிவு செய்திருக்கிறார்.

எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாது என்பதுதான் உரைகல். அந்தக் கல்லில் ஹோம்ஸை உரசினால் என்ன ஆகும் என்று பார்க்கும் முன், சொல் எழுத்தான கதையையும் சொல்ல வேண்டும்.

எழுத்தாக்கிய தாயும் மகளும்

யுங்கின் நூல் 1923இல் ஆங்கிலத்தில் வந்தது. அதைப் படித்தவர்களில் அமெரிக்காவின் காதரின் குக் பிரிக்ஸும் ஒருவர். அவரும் ஆளுமை வகைகளைப் பற்றித் தானாகவே ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், எந்த ஆளுக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டறிய உதவும் வினாத்தாளைத் தயாரிக்கத் தொடங்கினார். அதுவே மையர்ஸ்-பிரிக்ஸ் வகைகாட்டி. 1962இல் அதை எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற அமைப்பு வெளியிட்டது. இன்ட்யூஷனின் முதல் எழுத்தான ‘ஐ’ ஏற்கெனவே உள்முகத்தைக் குறிக்கும் இன்ட்ரோவெர்ஷனுக்குப் போய்விட்டிருந்தது. அதனால் இரண்டாம் எழுத்தான ‘என்’னைக் கொடுத்தார்கள். ஈராயிரம் ஆண்டு வரலாறு கொண்ட சொல், தன் தலையெழுத்தைக் கூடப் பக்கத்துச் சொல்லுக்கு விட்டுக்கொடுத்து ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது இங்கேதான்.

இசபெல் மையர்ஸ் உளவியலுக்கு வரும் முன்பே துப்பறியும் நாவல் எழுதியவர். ‘மர்டர் யெட் டு கம்’ என்ற அவருடைய நாவல் பத்திரிகைப் போட்டி ஒன்றில் பரிசு வென்று 1930இல் நூலாயிற்று. எல்லரி குவீன் என்ற பெயரில் எழுதிய இருவர் தங்கள் முதல் நாவலை அனுப்பியதும் அதே போட்டிக்குத்தான். மனித வகைகளுக்கு எழுத்துப் பெயர் சூட்டிய கை, அதற்கு முன்னால் கொலைகாரனைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே துப்பறிவாளரை வகைகாட்டியில் வைத்துப் பார்க்கும் இன்றைய பிள்ளைகளை விளையாட்டுப் பிள்ளைகள் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இரண்டுமே குறிகளைக் கொண்டு மறைந்திருப்பதை எட்டிப் பிடிக்கும் முயற்சி. வகைகாட்டியின் மேல் உளவியலாளர்களுக்குக் குறைகள் உண்டு. ஒரே ஆள் மறுமுறை எழுதினால் வேறு எழுத்து வருவதும் உண்டு. கதைமாந்தரிடம் வினாத்தாளை நீட்டவும் வழியில்லை. நமக்கு இருப்பவை பக்கங்கள் மட்டுமே. பக்கங்களைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும்.

இரண்டு கடிகாரங்கள்

1890இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில், ஹோம்ஸைச் சோதிக்க வாட்சன் ஒரு பைக் கடிகாரத்தைக் கொடுக்கிறார். அது சமீபத்தில்தான் துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டது. நல்ல தடயங்கள் போய்விட்டன என்று ஹோம்ஸ் குறைப்பட்டுக்கொள்கிறார். பின்மூடியைத் திறக்கிறார். வெறுங்கண்ணால் பார்த்து, பிறகு உருப்பெருக்கியால் பார்க்கிறார். இது உங்கள் அண்ணனுடையது, ஒழுங்கில்லாதவர், நல்ல நிலையில் தொடங்கியும் வாய்ப்புகளைத் தொலைத்தவர், கடைசியில் குடித்தே இறந்தார் என்று அடுக்குகிறார். வாட்சனுக்கு மனம் புண்பட்டுவிடுகிறது. விசாரித்து வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதாக நினைத்துக் கோபப்படுகிறார்.

அப்போது ஹோம்ஸ் கடிகாரத்தை அவர் கையிலேயே கொடுத்து விளக்குகிறார். ஐம்பது ஆண்டுப் பழைய கடிகாரம், குடும்பப் பெயரின் முதல் எழுத்து. தந்தையிடமிருந்து மூத்த மகனுக்கு வந்தது. காசும் சாவியும் கிடக்கும் பையிலேயே அதையும் போட்டுக் கீறல் விழ விட்டிருக்கிறார், அக்கறை இல்லாதவர். உள்மூடியில் ஊசியால் கீறிய எண்கள் நான்கு, அடகுக்கடைக்காரர்கள் போடுவது. நான்கு முறை அடகு வைத்திருக்கிறார், நான்கு முறை மீட்டும் இருக்கிறார். வறுமையும் அவ்வப்போது கொஞ்சம் வளமும். சாவித் துளையைச் சுற்றிக் கணக்கில்லாத கீறல்கள். இரவில் நடுங்கும் கையோடு சாவி கொடுத்தவர். ஊகிப்பது தன் வழக்கமே இல்லை என்றும், அது தருக்க அறிவைக் கெடுக்கும் பழக்கம் என்றும் அங்கே ஹோம்ஸ் திட்டவட்டமாகச் சொல்கிறார்.

இன்னொரு கடிகாரம் கதையில் வருவதில்லை, உண்மையில் தொலைந்து போனது. 1879இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலில் போனார். இறங்கியவர், மேல்கோட்டையும் விலையுயர்ந்த கடிகாரத்தையும் அறையிலேயே விட்டு வந்தது தெரிந்து திரும்பிப் போனார். இரண்டும் இல்லை. பணியாளர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரிடமும் பேசிப் பார்த்தார். ஒரு குறியும் அகப்படவில்லை. திரும்பி நடக்கத் தொடங்கியவர், தெரியாவிட்டாலும் யாரையாவது சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார். ஒருவனைத் தேர்ந்தெடுத்தார். பிறகு பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தைப் பிடித்துத் தேடியதில் கடிகாரம் அடகுக்கடையில் கிடைத்தது. அடகு வைத்தவனைப் பற்றிக் கடைக்காரர் சொன்ன அடையாளம் பர்ஸ் குறிப்பிட்ட ஆளுக்கே பொருந்தியது. எப்படிச் சரியாக வந்தது என்பதை அவர் ஆயுள் முழுவதும் யோசித்தார். ஊகம் பிறக்கும் அந்தக் கணத்துக்கு ‘அப்டக்‌ஷன்’ என்று பெயர் வைத்துத் தருக்க நூலிலும் இடம் கொடுத்தார்.

இரண்டு கடிகாரங்களையும் அருகருகே வையுங்கள். யுங்கின் உரைகல்லில் இன்ட்யூஷன் என்று பொன்னாய் இழைவது பர்ஸின் கடிகாரம். வந்த வழி தெரியாமல் முழுதாக வந்த விடை அது. ஹோம்ஸின் கடிகாரத்தில் வழி முழுவதும் கீறல் கீறலாகத் தெரிகிறது. அங்கே இருப்பது கண், உருப்பெருக்கி, 140 வகைப் புகையிலைச் சாம்பலை வேறுபடுத்தி நூலே எழுதிய அறிவு, அதன்மேல் நிற்கும் சிந்தனை. யுங்கின் பெயர்களில் சொன்னால் சிந்தனை தலைமை, புலனறிவு துணை.

அந்தச் சிந்தனையும் எந்தப் பக்கம் திரும்பியது? வெளிமுகச் சிந்தனைக்கு யுங் எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் டார்வினும் விலங்கியல் அறிஞர் கூவியேயும். உள்முகத்துக்குக் காண்ட்டும் நீட்சேயும். 1891இல் வந்த ‘தி ஃபைவ் ஆரஞ்ச் பிப்ஸ்’ கதையில் ஹோம்ஸ் தனக்கு முன்மாதிரியாகச் சொல்வது யாரை? ஓர் எலும்பைப் பார்த்து முழு விலங்கையும் சொல்லிவிடும் கூவியேயைத்தான். தனியாக இருப்பவர், பழகாதவர் என்பதால் ஹோம்ஸை உள்முகம் என்கிறோம். யுங்குக்கு உள்முகமும் வெளிமுகமும் கூச்சத்தின் அளவைக் குறிக்கவில்லை, மனம் எந்தப் பக்கம் திரும்பிப் பாய்கிறது என்பதைக் குறித்தன. ஹோம்ஸின் மனம் பொருள்களை நோக்கியே பாய்கிறது.

மறுப்புச் சாட்சிகள்

எதிர்க்கட்சிக்கும் நல்ல சாட்சி உண்டு. அதை மறைக்கக் கூடாது. அதே 1891இல் வந்த ‘தி மேன் வித் த ட்விஸ்டட் லிப்’ கதையில், படுக்கைத் தலையணைகளையும் சோபா மெத்தைகளையும் அடுக்கி, அதன்மேல் சம்மணமிட்டு, ஓர் அவுன்ஸ் புகையிலையைக் கையருகே வைத்துக்கொண்டு ஹோம்ஸ் இரவு முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். விடிந்தபோது அறை முழுக்கப் புகை, புகையிலை காலி, விடை கையில். கண்ணுக்கு வேலையில்லாத அந்த இரவை யுங்கின் இன்ட்யூஷன் என்று யாரேனும் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆர்தர் கானன் டாயில் 4 நாவல்களும் 56 சிறுகதைகளுமாக 1927 வரை எழுதிய மனிதர் ஹோம்ஸ். நாற்பது ஆண்டில் எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக இருக்காது.

ஆனால் 1893இல் வந்த ‘தி யெல்லோ ஃபேஸ்’ கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நார்பரி என்ற இடத்துக்குப் போய்ப் பார்க்கும் முன்பே ஹோம்ஸ் ஒரு கதையை மனத்தில் கட்டிவிடுகிறார்: அங்கே ஒரு குடிசையில் ஒளிந்திருப்பது, உதவி தேடி வந்தவருடைய மனைவியின் முதல் கணவன், அவளை மிரட்டுகிறான். போய்ப் பார்த்தால் முகமூடிக்குள் இருந்தது அவள் பெற்ற குழந்தை. திரும்பி வந்ததும், இனி தன் திறமையைப் பற்றித் தனக்குக் கர்வம் தலைக்கேறினால் காதருகே நார்பரி என்று சொல் என்று வாட்சனிடம் கேட்டுக்கொள்கிறார். பார்க்கும் முன் முடிவு முந்திக்கொண்ட இடத்தில் அவர் சறுக்கினார். சறுக்கியதும் அதைத் தன் இயல்பாகக் கொள்ளாமல், தன் இயல்பிலிருந்து நழுவியதாகக் கருதி வெட்கப்பட்டார். ஒருவரின் வகையைக் காட்டுவது அவர் எதில் வெல்கிறார் என்பது மட்டும் அல்ல. எதற்கு வெட்கப்படுகிறார் என்பதும் காட்டும்.

தமிழில் என்ன பெயர்?

உள்ளுணர்வு என்ற நம் சொல் குழப்பத்தை இன்னொரு மடங்கு கூட்டுகிறது. அதில் கண் இல்லை. ‘உணர்வு’ என்று கேட்டதும் நமக்கு நெஞ்சம் நினைவுக்கு வருகிறது. யுங் தனியே வைத்த உணர்ச்சியும் இன்ட்யூஷனும் தமிழ்க் காதில் அக்கா தங்கையாகிவிடுகின்றன. ஆறாவது அறிவு என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘சிக்ஸ்த் சென்ஸ்’ என்றால் காரணம் தெரியாமல் மனத்தில் படுவது. தொல்காப்பிய மரபியல் ஆறாவதாக வைப்பது மனத்தை. நாமும் ஆறறிவு என்று பகுத்தறிவைத்தானே சொல்கிறோம்? ஒரே எண், எதிரெதிர்ப் பொருள்.

நம் பேச்சில் வேறு இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று ‘பொறி தட்டியது’. பொறி என்றால் தீப்பொறி. ஐம்பொறி என்னும்போது புலன்வாயில். எங்கிருந்து என்று தெரியாமல் சட்டென்று ஒளி விழுவதற்கு இதைவிட நல்ல சொல் இல்லை. கப்பலில் பர்ஸுக்கு நடந்தது பொறி தட்டியதுதான். இன்னொன்று ‘குறிப்பறிதல்’. திருக்குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன, 71ஆவதும் 110ஆவதும். அமைச்சன் அரசனின் முகத்தைப் படிப்பதும் காதலன் காதலியின் கண்ணைப் படிப்பதும் ஒரே பெயரால் வழங்குகின்றன. வெளியே தெரியும் அடையாளத்தைக் கூர்ந்து பார்த்து உள்ளே மறைந்ததை அறிவது அது. பார்ப்பதில் பிறந்து, அறிதலில் முடிகிற சொல். இலத்தீனில் இன்ட்யூஷன் பிறந்தபோது இருந்த கண், தமிழில் குறிப்பறிதலுக்குள் இன்னும் விழித்திருக்கிறது.

அதனால் தங்கை மகளிடம் நான் சொன்னது இதுதான்: தெக்கார்த்தின் அகராதியை வைத்தால் ‘என்’ சரி, யுங்கின் அகராதியை வைத்தால் அந்த இடத்தில் புலனறிவைக் குறிக்கும் ‘எஸ்’தான் நிற்க வேண்டும். நீ பயன்படுத்துவது யுங்கின் அட்டவணை என்பதால் ‘எஸ்’ என்று எழுது. ஏன் என்று கேட்டால், அந்தக் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து காட்டு.

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ பிரதியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். கீறல்களை அவளே எண்ணிப் பார்க்கட்டும்.